பெறுபவர் பெயர்

தம்புச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
ஏற்றுமதிப் படிவத்தில்
பெறுபவர் என்று ஒரே ஒரு கட்டம்.
இவர்களோ மூன்று தீவுக்காரர்கள்.

மூன்றும் காசு போட்டு வாங்கியிருக்கின்றன
எண்ணூர்ப் பட்டறையில் செய்த
கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், ஒன்றே ஒன்று.
தீவுக்கு நாலு மாதம்.
மழை மாதங்கள் யார் தலையில் என்பதில்தான்
பதினோரு மின்னஞ்சல்.

"ஏதாவது ஒரு பேரைப் போடு பியூலா,
கஸ்டம்ஸுக்கு அது போதும்."
போடலாம்.
போட்டால் அந்தத் தீவுதான் ஓனர்,
மற்ற இரண்டும்
குடத்தோடு வந்து நிற்கும் பக்கத்து வீடு.

காசிமேட்டில் எங்கள் சந்தில்
ஒன்பது வீட்டுக்கு ஒரு மோட்டார்.
மீட்டர் தேசப்பன் பேரில்.
சண்டை வந்த அன்று
அவர் ஒன்றும் பேசவில்லை.
ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

எழுத்தை ஏழு பாயின்ட்டுக்குக் குறைத்தேன்.
அப்புறம் ஆறு.
மூன்று பெயரும் கட்டத்துக்குள் வந்துவிட்டன.
கடைசித் தீவின் கடைசி எழுத்து மட்டும்
கோட்டுக்கு அந்தப் பக்கம்
கால் நனைய நிற்கிறது.