நாற்பது நிமிடம்

இரண்டு சத்தம் கேட்கும்.
ஒன்றா வேறா என்று குறிக்க வேண்டும்.
அவ்வளவுதான் தேர்வு, நாற்பது நிமிடம்.
ஜபல்பூரில் ஜனவரி; பென்சில் பிடித்த விரல் மரத்திருந்தது.
பாதியில் இடது பக்க ஹெட்ஃபோன் செத்தது.
கை தூக்கினேன்.
இறக்கு என்றார் ஹவில்தார், கண்ணாலேயே.
இறக்கினேன்.
கீழ்ப்படிதலில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பதினோராம் நாள் ரயில் வாரண்ட் கொடுத்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி:
திறமையான சிப்பாயாக உருவாகும் வாய்ப்பில்லை.
நாக்பூர் தாண்டி, பல்லார்ஷா தாண்டி
அதை வீட்டுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
பேசின் பிரிட்ஜ் சிக்னலில் வண்டி அரைமணி நேரம் நின்றதில்
கிடைத்துவிட்டது:
முட்டியில் அடி.

அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை.
பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் முப்பது வருடம்
ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர்.
எது கழன்றது என்று தெரிந்தால் போதும் அவருக்கு.
சாயங்காலம் முட்டி உறை ஒன்று வாங்கி வந்தார்.
இரண்டாவது மாடியைக் காலி செய்தோம்.
புளியந்தோப்பில் தரைத்தளம், வாடகை ஆயிரத்தைந்நூறு கூட.
தெருவில் நேராக நடப்பேன்,
வாசல் திரும்பியதும் நொண்டுவேன்.
வலது கால். ஒருமுறை மறந்துபோய் இடது.

நவம்பரில் தண்ணீர் வந்தது.
முதலில் கட்டிலுக்குக் கீழே, பிறகு கட்டிலுக்கே.
அம்மாவின் தையல் மிஷின் மோட்டார் போயிற்று.
தங்கையின் மார்க் ஷீட்டுகளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம்.
அடுத்த நவம்பரிலும் வந்தது.
மாடி என்ற வார்த்தையை
ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

குணாளன் எதிர் யூனியன் ஆஃப் இந்தியா.
காலண்டரில் நான் சிவப்பு வட்டம் போட்ட நாட்களை
பிசியோதெரபி என்று நினைத்துக்கொண்டார்கள்.
தீர்ப்பாயத்தில் வக்கீல் ஹேமாவதி
என் காதைப் பற்றிப் பேசவே இல்லை.
வேறு பிரிவு கொடுத்துப் பார்த்தீர்களா?
ஓட்டுநர்? சமையல்? ஸ்டோர்?
விளக்கம் கேட்டு நோட்டீஸ் தந்தீர்களா?
சரி, விடைத்தாள் எங்கே?
விதிப்படி அழிக்கப்பட்டது என்றார் அரசு வக்கீல்,
துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

ஏழாவது வாய்தாவுக்கு அப்பா வந்துவிட்டார்.
இஸ்திரி போட்ட சட்டை, கடைசி பெஞ்ச்.
யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.
அன்றைக்கென்று பார்த்து வக்கீலம்மா
என் உடம்பைப் புகழ ஆரம்பித்தார்:
மருத்துவ வகை ஒன்று.
ஓட்டத்தில் அணியிலேயே இரண்டாவது.
ஃபிட். ஹி இஸ் ஃபுல்லி ஃபிட்.
ஆங்கிலம்தான்.
ஆனால் அந்த ஒரு வார்த்தையை
முப்பது வருடம் சாக்பீஸால் எழுதிய கை அப்பாவுடையது,
ஒவ்வொரு பெட்டியின் வயிற்றிலும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே பஸ் வரத் தாமதமானது.
டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாக.
ஒரு லாரி போனது, பின்னாலேயே இன்னொன்று.
ஒன்றா வேறா என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

சித்திரையில் உத்தரவு வந்தது.
வெளியேற்றம் செல்லாது.
மூன்று மாதத்துக்குள் மறுதேர்வு.
வயது வரம்பு தளர்த்தப்படுகிறது.
எனக்கு இருபத்தேழு; அம்பத்தூரில் லிஃப்ட் கம்பெனி வேலை.
எந்த மோட்டார் இன்னும் ஒரு வாரத்தில் நிற்கும் என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அப்பா உத்தரவை வாங்கிப் பார்க்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஒரு சாவியோடு வந்தார்.
மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
பீரோவைச் சாய்த்துத் தலைப்பக்கம் அவர் பிடித்துக்கொண்டார்.
அடிப்பக்கம் நான், மொத்த எடையும் இறங்கும் பக்கம்.
முதல் வளைவில் நின்று மூச்சு வாங்கினோம்.
என் காலைப் பார்த்தார்.
பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"அதக் கழட்டிட்டுத் தூக்கு" என்றார்.