மிஞ்சிய காற்று

முள் ஆறைத் தாண்டி நிற்கிறது.
கரைந்த உயிர்வாயு, லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம்.
நல்ல எண் என்று நினைப்பார்கள்
இந்தத் தொட்டியோடு பழகாதவர்கள்.
விஸ்மா கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள்.
மற்ற இரவுகளில் இரண்டைத் தாண்டாது.
அடியிலிருந்து நாங்கள் ஊத ஊத
ஊதிய சூட்டோடு தின்றுவிடும் கூட்டம் அது.
இன்று பந்தியில் ஆளில்லை,
இலை போட்டது போட்டபடி.

ஒரு சொட்டு. கண்ணாடிச் சில்லு. நூறு மடங்கு.
காம்பில் நின்று தலையாட்டும் மணிப்பூச்சிகள்,
தொட்டால் ஸ்பிரிங்காய்ச் சுருண்டு
மறுநொடி நிமிர்ந்து, வாயோர மயிர் சுழற்றி
ஊரின் கழிவை நுணுக்கி நுணுக்கி விழுங்குபவை,
இன்று காம்பு மட்டும் இருக்கிறது.
தலைகள் கழன்று போய்விட்டன.
சக்கரவாயன் ஒன்று சுழன்ற நிலையிலேயே நிற்கிறது
வயிற்றில் பச்சையாக எதையோ வைத்துக்கொண்டு.

மாலை நாலு மணிவாக்கில் வந்திருக்க வேண்டும்.
ஏதோ ஒரு ஆலை, ஏதோ ஒரு பீப்பாயைக் கழுவிய மருந்து.
எவரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.
கல்னூபே தூங்குகிறது.
காலையில் ஊரே ஒரு பொத்தானை அழுத்தி மறந்துவிடும்.
அது எங்கும் போகாமல் இங்கே வந்து நிற்கும்.
வேலிக்கு அப்பால் கௌயா ஆறு, பாதி உறைந்து.

பெர்சைனேக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.
போன மாதம் ஐஸ் ஹாக்கியில்
எங்களிடம் ஏழு கோல் வாங்கிப் போனவர்கள்.
போனை எடுத்த ஓயார்ஸ் முதலில் சிரித்தான்.
பிறகு, எத்தனை லாரி என்றான்.

விடியுமுன் மூன்று வந்தன
பனியில் ஆவி விட்டுக்கொண்டு.
அயலூர்ச் சேறு. பழுப்பு. மழை விட்ட தோட்டத்து வாசம்.
நாறினால்தான் அது நோயாளி.
ரசீதில் கையெழுத்துப் போட்டாள்:
சரக்கு, சேறு. அளவு, முப்பத்தாறு கனமீட்டர்.
மதிப்பு என்ற கட்டத்தில்
ஓயார்ஸ் ஒரு கோடு இழுத்திருந்தான்.

முதலில் தலைகாட்டியவை வாலால் துடிக்கும் பொடிசுகள்,
அவசரக் குடுக்கைகள்.
பிறகு நீந்துபவை, பிறகு ஊர்பவை.
மணிப்பூச்சியைக் காணோம்.
பதினோராம் நாள் விஸ்மாவுக்குச் சளி;
பதிலுக்கு வந்தவன் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.
பத்தொன்பதாம் நாள்
சேற்றுத் துணுக்கின் விளிம்பில் ஒற்றைக் காம்பு.
நுனியில் மணி.
முழங்கை மேசையில் இடிக்க
சட்டென்று சுருண்டுகொண்டது.
அவள் மூச்சைப் பிடித்தபடி இருந்தாள்.

நிமிர்ந்தது.

மீட்டரில் இரண்டு புள்ளி ஒன்று.
தொட்டியில் மறுபடி காற்றுக்குப் பஞ்சம்.
அதை எழுதிவிட்டு
கம்பு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள்,
கை கழுவ மறந்தவள்
எழுந்து போய்க் கழுவிவந்தாள்.