அறுபத்தெட்டு பாகை

சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத கண்ணாடிக் குப்பி.
உள்ளே சிவப்புத் திரவம், ஒரு காற்றுக்குமிழ்.
அறுபத்தெட்டு பாகை சூடானால் உடையும்,
தண்ணீரைத் திறந்துவிடும்.
அதுவரை சும்மா இருப்பதுதான் அதற்கு வேலை.

தோட்டத்துப் பட்டணத்தின் பழைய மாவட்ட அலுவலகம்.
மூன்று பக்கமும் செம்பனை,
நாலாவது பக்கம் கடைத்தெரு, டீசல் நாற்றம்.
தொண்ணூற்றெட்டு குப்பிகள் பொருத்த வந்திருக்கிறேன்.

மரபுத்துறையிலிருந்து வந்த புவான் ருஸ்னானி
புதிதாக ஒரு துளைகூடச் சுவரில் விழக்கூடாது என்றார்.
பொம்பா அதிகாரி கேட்டார்:
'அப்புறம் தண்ணீர் எப்படி வரும், வேண்டிக்கொண்டா?'
கீழே அவர்கள் வாய்ச்சண்டை, ஏணிமேல் நான்.
சுவரை விரலால் தடவிக்கொண்டே போனபோது
சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஒரு பள்ளம்.
சுரண்டினேன்.
வட்டமான ஓட்டை,
கீழ்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து.

பங்காக் கயிறு ஓடிய வழி.
உள்ளே துரைக்குக் காற்று.
வெளியே உட்கார்ந்து இழுத்தவனுக்கு
என்ன கூலியோ, தெரியவில்லை.
எட்டுச் சுவருக்கு எட்டு ஓட்டை.
ஒன்றேகால் அங்குலக் குழாய்
அவன் தேய்த்த தடத்திலேயே படிந்து போனது.
புவான் ருஸ்னானி படமெடுத்துக்கொண்டார்.

சிக்கல் பின்னறையில்தான்.
தோட்டத்து மரணப் பதிவேடுகள், நாற்பத்திரண்டு கட்டு.
நெருப்பு வந்தால் எரியும்; நான் வந்தால் கரையும்.
கிராணியின் ஆங்கிலக் கிறுக்கலில்
காத்தாயி. காய்ச்சல். ஊர் தெரியாது.
சோதித்துப் பார்க்க ஈரவிரலால் தொட்டேன்,
நீலம் ஒட்டிக்கொண்டது.
பெயரில் ஓர் எழுத்து போய்விட்டது, என்னால்.

அந்த அறைக்கு மட்டும் வாயு வேண்டுமென்று எழுதினேன்.
அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பார்க்கலாமாம்.
நெருப்புக்கும் யாராவது சொல்லி வைக்க வேண்டும்.

வெல்டர் ஆ கீயோங்கைப் பிடித்து
அலமாரிகளின் மேல் தகரம் சாய்த்துப் போட்டேன்,
லயத்துக் கூரை மாதிரி, ஓரத்தில் பீலியோடு.
ஒப்பந்தத்தில் இல்லை.
கணக்கில் 'இதர செலவு'.

கடைசி நாள், விதானத்துக்கு மேலே ஏறி
வெப்பமானி வைத்தேன்.
பகல் இரண்டு மணிக்கு ஐம்பத்து மூன்று.
யாரும் பற்றவைக்காமலே.
அங்கிருந்த சிவப்பையெல்லாம் கழற்றிப் பச்சை மாட்டினேன்,
தொண்ணூற்று மூன்று பாகைவரை தாங்குகிற ரகம்.
இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வால்வைத் திறந்தேன்.
தண்ணீர் சுவர் சுவராக நுழைந்து ஓடி
ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் போய்
நின்றது.