கொக்கு நொண்டிய கடை

மூன்று கருவிகள் மேசையில்.
மூன்றும் சிலேட்டு நிறம்,
விலைச்சீட்டு மட்டும் வேறு வேறு.

வெளியே எட்மன்டன், மைனஸ் இருபத்தாறு.
நீலத் தலைமுடிப் பையன் கேட்டான்:
"தண்ணீர் புகாதது வேண்டுமா?
குளியல் தொட்டியில் படிப்பீர்களா?"
ஐம்பத்தொரு வயதுவரை
என்னை யாரும் கேட்டிராத கேள்வி.
எங்கள் தொட்டியில் போர்வை ஊறுகிறது
என்று நான் சொல்லவில்லை.

பரீட்சைத்தாள் கொண்டு போயிருந்தேன்.
முந்தின இரவு நானே தட்டிய ஒரு வரி:
கொக்கு நொண்டியது, பௌர்ணமி, ஔவியம், ஸ்ரீ.
பையன் பொறுமையாக மூன்றிலும் ஏற்றினான்.

முதலாவதில் வெறும் கட்டங்கள்,
ஆளே குடிவராத அடுக்குமாடி.
இரண்டாவதில் எழுத்து வந்தது,
ஆனால் கொம்பு ககரத்தின் பின்னால் போய்
புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.
நொண்டியது கொக்கு இல்லை, 'கொ'.
மூன்றாவதில்
கொக்கு ஒற்றைக் காலில் ஒழுங்காய் நின்றது.

"இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?"
விரல் வைத்துக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான்.
"பின்னால் ஒலிப்பதை முன்னாலா எழுதுவீர்கள்?"
ஆமாம் தம்பி,
ஆள் நுழையுமுன் குடை நுழைவதில்லையா, அப்படி.

மூன்றாவதுதான் விலை கூட.
இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம்.

"போனிலேயே படிக்கலாமே" என்றார் குகதாசன்.
போனுக்குள் உங்கள் அக்கா இருக்கிறார்,
வங்கி இருக்கிறது,
லீவு போட்டவளுக்குப் பதிலாக
என்னைத் தேடும் சூப்பர்வைசர் இருக்கிறார்.
இதற்குள் இருப்பது கதைக்காரர்கள் மட்டும்.
அவர்களிடம் என் நம்பர் இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
இரவு மூன்று மணி, இருபது நிமிட இடைவேளை.
எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
பக்கத்துக்கு ஒன்பது வரியில் நிறுத்தினேன்.
கண்ணாடி சட்டைப் பையில் தூங்குகிறது.
பக்கம் மாறும்போது திரை
ஒரு முறை கறுத்து இமைக்கிறது,
அதற்கும் நித்திரை வருமோ என்னவோ.

மிலாக்ரோஸ் சோற்றுப் பெட்டியோடு வந்து உட்கார்கிறாள்.
"இன்னும் எத்தனை பக்கம்?"
பக்கமில்லை, அறுபத்துமூன்று சதவீதம்.
"கொலைகாரன் யார்?"
இது காதல் கதை.
"அப்போ கொலை பிந்தி வரும்."

மூன்று வாரமாகச் சார்ஜ் போடவில்லை.
ஒருநாளும் அது என்னைத் தன் பக்கம் கூப்பிட்டதில்லை.
நான்தான் போகிறேன்,
கைகழுவி, துடைத்து,
பந்திக்குப் போகிறவள் மாதிரி.

ஜனவரியில் ஒரு விடியல், மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தத்தில் ஆசை விடவில்லை.
ஒரு கையுறையைக் கழற்றித் தட்டினேன்.
குளிரில் மை விறைத்துப் போயிருந்தது.
போன பக்கத்தில் அழுதவள் மேலேயே
இந்தப் பக்கத்தில் சிரிக்கிறாள்,
இரண்டும் சாம்பலாய், இரண்டும் அரைகுறையாய்.
கடைசி வரி மட்டும் தெளிவு:
"அவள் கதவைப்"

அவ்வளவுதான்.
தட்டினேன். நகரவில்லை.
மறுபடி தட்டினேன். விரல் நுனி மரத்தது.

என்னிடம் இருந்தது ஒரு 'ப்' மட்டும்.
பூட்டினாளா, பார்த்தாளா, பிடித்தாளா,
கோபத்தில் பெயர்த்தாளா?
அவனுக்குச் செய்ததைப் பார்த்தால்
பெயர்த்தால்கூடத் தகும்.
ஒரு மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு
பதினொரு நிமிடம் நின்றேன்.
கருவியை ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு.
கோழிக்குஞ்சு வைத்திருக்கிறாள் என்று
பக்கத்தில் நின்றவர் நினைத்திருக்கலாம்.

பேருந்து வந்தது.
பயண அட்டை என்று இதை நீட்டியிருக்கிறேன்.
பீப் வரவில்லை.
ஓட்டுநர் பார்த்தார், என் இமையில் உறைபனி பார்த்தார்,
போய் உட்காரம்மா என்று தலையசைத்தார்.

ஹீட்டர் பக்கத்து இருக்கை.
திரை ஒருமுறை கறுத்தது, வெளுத்தது.

"பாதி திறந்து வைத்தாள்."

பாதி!
அது என் கணக்கிலேயே இல்லை.