பதினான்கும் பதினைந்தும்

டிசம்பர் முப்பத்தொன்று, மாலை ஏழு.
வால்பரைசோவில் வெயில் இன்னும் இறங்கவில்லை,
குன்றின் தகரச் சுவர்கள் கொதிக்கின்றன.
யாஸ்னாவின் சமையலறை மேசையில்
நாங்கள் மூவரும் ஆண்டைப் பிரித்துப் போட்டிருக்கிறோம்,
பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டவர்கள் போல,
திரும்பப் பூட்டத் தெரியுமா என்ற நிச்சயமில்லாமல்.

அச்சடித்தது முந்நூறு பிரதி.
விற்றது நூற்று எண்பத்திரண்டு.
கன்செப்சியோன் சந்தையில் மழைக்குக் கொடுத்தது பதினொன்று.
ஒரு சிறுவன் மேசை முன்னால் நின்றபடியே முழுக்கப் படித்து
நன்றி சொல்லி வைத்துவிட்டுப் போனான்.
அதை எந்தப் பத்தியில் எழுத, என்கிறாள் யாஸ்னா.
வரவு, என்கிறார் ரோசமெல்.
மீதியெல்லாம் என் கட்டிலின் உடைந்த காலுக்கு முட்டு.
என் புத்தகத்தின் மேல்தான் தினமும் தூங்குகிறேன்.

நீல மை ஜூனில் தீர்ந்தது.
சாந்தியாகோவிலிருந்து வர ஆறு வாரம்.
அதற்குள் கடலை ஆரஞ்சில் அடித்துவிட்டோம்.
துணிச்சலான தேர்வு என்று ஒருவர் எழுதினார்.
துணிச்சல் இல்லை ஐயா, கையிருப்பு.

ஆகஸ்டில் யாஸ்னாவின் மணிக்கட்டு வீங்கியது.
இடக்கையால் ஒன்பது பக்கம் வரைந்தாள்.
அவற்றில் எல்லா மனிதர்களும்
இப்போதுதான் எதையோ கேள்விப்பட்டவர்கள் போல நிற்கிறார்கள்.
கை ஆறியபின் எவ்வளவு முயன்றும்
அந்த முகம் திரும்ப வரவில்லை.
இதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.
எலுமிச்சை பிழிந்துகொண்டே சொன்னாள், அவ்வளவுதான்.

பிறகு அந்த விஷயம் வந்தது. வராமல் இருக்குமா.

பதினான்காம் பக்கத்தில் ஒதிலியா சன்னலைத் திறக்கிறாள்.
பதினைந்தில் இறந்துபோகிறாள்.
பதினாறில் சவப்பெட்டி படியிறங்குகிறது.
அப்படித்தான் வரைந்தேன்.
முந்நூறிலும் பக்கம் மாறி அச்சாகிவிட்டது:
முதலில் சாகிறாள்,
அப்புறம் எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்கிறாள்,
தன் பெட்டி படியிறங்குவதைப் பார்க்க.

மடித்துப் பின்னடித்து முடித்த பிறகே கண்டோம்.
இயந்திரத்தை ஓட்டியவர் ரோசமெல்.
தன் தவறு என்றே நம்பினார்.
பரிகாரமாக மார்ச்சிலிருந்து எனக்குக் காப்பி வாங்கித் தந்தார்.
நான் குடித்தேன்.

அதிகாலை இரண்டரைக்குத் தூக்கக் கலக்கத்தில்
கோப்புகளுக்கு எண் மாற்றி இட்டது நான்.

சொல்லியிருப்பேன்.
சொல்ல வாய் திறந்த வாரத்தில்
பூந்தா அரேனாஸிலிருந்து ஒரு கடிதம்,
இரவுப்பணிச் செவிலி ஒருத்தி எழுதியது:
"சரியாக வரைந்திருக்கிறீர்கள்.
எங்கள் வார்டிலும் அப்புறம்தான் சன்னலைத் திறப்பது.
திறப்பது நாங்கள்தான் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்."

அதோடு ரோசமெல் மாறிவிட்டார்.
என் பிழை என்றவர் என் உள்ளுணர்வு என்கிறார்.
சந்தையில் யாராவது பதினைந்தில் நின்றுவிட்டால்
இங்கே இவர் முதுகு நிமிர்கிறது.
இப்போது காப்பிக்குக் காசு கொடுப்பது நான்.

இரண்டாம் பதிப்பு. திருத்துவதா, விடுவதா.
விடு, என்கிறாள் யாஸ்னா.
பின்னட்டையில் தன் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிதாக
இருக்கலாமோ, என்கிறார் ரோசமெல்.
நான் தக்காளி நறுக்குகிறேன்.
பிழை என்னுடையது என்று இப்போது சொன்னால்
திருட்டு மாதிரி கேட்கும்.

நள்ளிரவு. ஊரே கடல் பக்கம் திரும்பி நிற்கிறது.
கூரைத் தகரத்தில் இன்னும் சூடு மிச்சம்.
விரிகுடா முழுக்கப் பூக்கள்.
வெளிச்சம் வந்துவிடுகிறது,
சத்தம் எண்ணி மூன்று நொடி கழித்து.
அதற்குள் அடுத்தது விரிந்துவிடுகிறது.
இந்த இடி எந்தப் பூவுடையது?

ரோசமெல், என்றேன்.
இடித்தது.
காதோரம் கைவைத்து, என்ன, என்றார்.
சொன்னேன்.
மறுபடி இடித்தது.
சிரித்துக்கொண்டே தலையாட்டினார்,
எதற்கென்று தெரியவில்லை.

சுவரோரம் யாஸ்னா,
வலக்கையில் கோப்பை, இடக்கையில் பென்சில்,
மைக்கடை ரசீதின் பின்பக்கம்
எங்கள் இருவரையும் வரைந்துகொண்டிருந்தாள்.
காட்டச் சொன்னேன்.
காட்டவில்லை.