கசிவு எண் பதினேழு

கிரிஃபித்துக்குத் தெற்கே
நாற்பத்தோரு பாகை வெயிலில்
வாய்க்காலின் உதட்டில் ஒரு கீறல்.
என் படிவத்தில் அது கசிவு எண் பதினேழு.
நாளொன்றுக்கு அறுநூறு லிட்டர்
இழப்பு.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள்.
இங்கே தினமும் தாழத்தான் பறக்கிறது.
ரெனாட்டோ தொலைபேசியில் சொல்லி வைத்தால்
வியாழக்கிழமை தண்ணீர் வரும்;
மடை தானே திறக்கும்,
தானே மூடிக்கொள்ளும்.

கசிவின் அடியில் உள்ளங்கையளவு சேறு.
குளவி ஒன்று உருண்டை பிடித்துப் போனது.
வந்தது. போனது.
எங்கே என்று பின்னால் போய்ப் பார்த்தேன்:
மீட்டர் பெட்டிக்குள்,
எண்கள் தெரியும் கண்ணாடிமேல்
அறை அறையாய் வீடு.
கடைசி இரண்டு இலக்கம் சுவருக்குப் பின்னால்.

சிமெண்டைக் குழைத்து அடைத்தேன்.
அதற்குத்தானே சம்பளம்.

திரும்பி வந்தது.
ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து பார்த்தது,
காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தது,
பழைய இடத்தையே சுற்றியது.
கூரையில்லாத அறை ஒன்று பாக்கி.

குடிக்க வைத்திருந்ததில் பாதியை
மண்ணில் ஊற்றினேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மீட்டர் கணக்கில்
கடைசி இரண்டு இலக்கம்
நானே போட்டேன்.