பெயர் எழுத இடமில்லை

பிப்ரவரி நடுவில் இந்தப் படிவம் வரும்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அணைத்தால் உறைந்துவிடும் என்று
ஓடவிட்ட பள்ளிப் பேருந்து
வாசலில் இருமிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைக்கு நூறு கேள்வி.
என்னிடம் பத்தொன்பது பிள்ளைகள்.
ஐந்து வயதுக்கு அளவெடுத்த நாற்காலியில்
முழங்கால் மோவாயை முட்ட
வட்டம் வட்டமாய் நிரப்புகிறேன்.

பென்சில் பிடிக்க வருகிறதா?
படியேறக் கால் மாற்றி வைக்கிறதா?
நடந்ததைக் கதையாகச் சொல்கிறதா?
அடிக்கடி. எப்போதாவது. ஒருபோதும் இல்லை. தெரியாது.

எமெட் ஃப்ளெட்டிடம் வந்து நிற்கிறேன்.
தானே ஜிப் போடத் தெரியுமா என்கிறது தாள்.
அவனுக்குப் போட்ட பிறகு
இங்கிரிட்டுக்கும் போட்டுவிடுவான், மண்டியிட்டு.
அதற்கு வட்டம் இல்லை.

இருபது வரை எண்ணுவானா?
நிக்கல் ரயிலை எங்களுக்கு முன்பே கேட்டு
ஜன்னலுக்கு ஓடுகிறவன் அவன்.
பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் விரியும்,
பத்தும் விரிந்ததும் மடங்கும், மறுபடி விரியும்.
வாய் மட்டும் திறக்காது.
தெரியாது என்று நிரப்பினேன்,
தெரியாதவள் நான் என்பதால்.

பசியோடு வருகிறதா?

அக்டோபரிலிருந்து என் மேசை இழுப்பறையில்
ரொட்டியும் ஒரு வெண்ணெய் டப்பாவும்.
ஒன்பது மணிக்கு அவனுக்குப் பசி இல்லை.
இல்லை என்று எழுதினால் அது உண்மை.
அந்த உண்மை
இந்தத் தெருவின் பசியைத் துடைத்துவிடும்.
அடிக்கடி என்பதைக் கறுப்பாக்கினேன்,
தாள் கிழியும் அளவுக்கு.

பெயர் எழுத இடமில்லை. ஓர் எண், ஓர் அஞ்சல் குறியீடு.
எட்டு மணி நேரம் தெற்கே வின்னிபெக் போய்
கூட்டி வகுக்கப்பட்டு வரைபடமாகும்.
எமெட், இது உனக்கு உதவாது.
வாசலில் உன்னை அழைத்துப்போக நிற்கும் அம்மாவின்
மேலங்கிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறதே,
அந்த ஜோலீனுக்கு, ஒருவேளை.

இரண்டு குளிர்காலம் கழித்து வந்தது வரைபடம்.
தண்டவாளத்துக்குக் கிழக்கே எல்லாம் கருநீலம்.
வீட்டு விலை இறங்கிவிடுமே,
வெளிர் நிறம் கிடைக்கவில்லையா என்றார்
கூட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.
என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை,
பிறகு வெட்கமாய் இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில்
பழைய பனித்திடலின் பின்னறைக்கு
பேச்சுப் பயிற்சியாளர் ஒருத்தி வருகிறாள்.
ஜோலீனைக் கூட்டி வருகிறவன் எமெட்.
அவள் ஜிப்பை இறக்கி, கையுறையை உருவி
உள்ளே அனுப்பிவிட்டு
நடைவழி ஜன்னலில் நிற்கிறான்.

போன வாரம் ரயில் போனது.
பக்கத்தில் போய் நின்றேன்.
அவன் விரலைப் பார்த்துக்கொண்டே
நாற்பத்தொன்று வரை நானும் எண்ணினேன்.
அதற்குமேல் எனக்குத் தவறிவிட்டது.
அவன் விரல்கள் நிற்கவில்லை.